கயிறு தங்கிய வீடு

மதராஸ் ராஜ்யம் தமிழ்நாடு என்று பெயர் மாறிய வருஷம், சித்திரை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில், கோபாலபுரத்துக்கு விற்ற புல் வெட்டும் மிஷின் ஒன்று யாரும் தள்ளாமல் தானாக நடந்து மயிலாப்பூருக்கு வந்து, தன்னைப் பழுது பார்த்து விற்ற சங்கரனின் வீட்டுப் பின்கட்டில் நின்றது. இஞ்சின் ஓடவில்லை. உருளைக் கத்தி மட்டும் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. லாயிட்ஸ் ரோடு வழியாக வந்து, ராயப்பேட்டை ஹைரோடில் ஏறி, லஸ் முனையில் ஒரு பஸ்ஸுக்கு நின்று வழிவிட்டு, சித்திரக்குளத்தின் ஓரமாகத் திரும்பிச் சந்துக்குள் நுழைந்ததாக, அதன் பின்னாலேயே நடந்து வந்த தோட்டக்காரர் முருகையன் சொன்னார். "தானா கெளம்பிடுச்சு சார். புடிச்சு நிறுத்திப் பாத்தேன், நிக்கல. சரி, எங்கதான் போவுதுன்னு பின்னாலயே வந்துகினு இருந்தேன்" என்றார். சங்கரனின் மனைவி அபயாம்பாள் படுக்கையில் இருந்தபடியே, அவருக்கு மோர் கொடுக்கும்படி மகள் ஜானுவிடம் சொன்னாள். மிஷினின் முன்னால் மாட்டியிருந்த கூடையில் புல் நிறைந்து வழிந்தது.

சங்கரன் மெக்கானிக் இல்லை. பீச் ரோடில் ஒரு தேயிலைக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தவர். கம்பெனியின் வெள்ளைக்கார மேனேஜர்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்த காலம் அது. அவர்கள் விட்டுப்போன பீங்கான் தட்டு, பியானோ, நாய்ச் சங்கிலி, குளிக்கிற தொட்டி எல்லாம் மவுண்ட் ரோடு ஏலக்கடைக்கு வந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் கூவி விற்கப்பட்டன. பியானோவுக்குக்கூட ஆள் இருந்தது. புல் வெட்டும் மிஷினைச் சீந்துவார் இல்லை. துருப்பிடித்து மூலையில் கிடந்த ஒன்றைப் பார்த்துச் சங்கரனுக்கு என்னவோ மனசு கேட்கவில்லை, வாங்கிவிட்டார். ரிக்‌ஷாவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, "நம்மாத்துல புல்லு எங்க இருக்கு? துளசி மாடத்தைச் சுத்தி வெட்டப் போறேளா?" என்று அபயாம்பாள் கேட்டாள். கேள்வி நியாயமானதுதான். சங்கரன் சட்டையைக் கழற்றிவிட்டு, அந்த மிஷினை நட்டு நட்டாகப் பிரித்து மண்ணெண்ணெய்த் தட்டில் ஊறப் போட்டார். கரி சுரண்டினார், பிளக்கை மாற்றினார், கத்தியில் அரைப்புப் பசை தடவி உருளையை எதிர்த்திசையில் சுற்றிச் சுற்றிச் சாணை பிடித்தார். செய்தித்தாளைக் கீற்றாகக் கிழித்துக் கத்திக்கும் அதன் கீழே அசையாமல் நிற்கும் அடித்தகட்டுக்கும் நடுவே கொடுத்தால், இழுபடாமல், சத்தம் போடாமல் இரண்டாக வேண்டும். அது வரைக்கும் அவர் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கமாட்டார். சரியாகிவிட்ட மிஷினில் அவருக்கு அக்கறை போய்விடும். அதை விற்றுவிட்டு அடுத்த ஏலத்துக்குப் போவார். துரைமார்களின் பங்களாக்களை வாங்கிக் குடிவந்திருந்த தெற்கத்தி ஜவுளிக்கடைக்காரர்களும் நகைக்கடைக்காரர்களும், புல்வெளியை என்ன செய்வதென்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்ததால், வாங்க ஆளுக்குப் பஞ்சமில்லை.

பழுது பார்க்கும் இடம் பழைய மாட்டுக் கொட்டில். மாடுகள் போய் வருஷங்கள் ஆகியிருந்தன. புல் போடுகிற கல்தொட்டியும், சுவரில் அடித்த மர முளையும், அதில் தொங்கிய தும்புக் கயிறுகளும் மட்டும் மிச்சம். மாட்டை விற்றால் கயிற்றைக் கொடுக்கக் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். அந்த வீட்டில் என்ன, மாடு வைத்திருந்த எல்லா வீட்டிலும் அதுதான். வாங்குகிறவன் புதுக் கயிறு கொண்டுவந்து கட்டி ஓட்டிக்கொண்டு போக வேண்டும். பழைய கயிறு முளையில் தங்கினால்தான் லட்சுமி வீட்டில் தங்குவாள். பெட்ரோல் மிஷின்களைக் கிளப்பவும் ஒரு கயிறு உண்டு. ஒரு முனையில் முடிச்சு, மறுமுனையில் மரப்பிடி. சக்கரத்தில் சுற்றி ஒரே இழுப்பாக இழுத்தால் இஞ்சின் உயிர் பெறும், கயிறு கையோடு வந்துவிடும். முதல் மிஷினைக் கோபாலபுரத்து ராஜரத்தினத்துக்கு விற்றபோது, சங்கரன் யோசிக்கக்கூட இல்லை. கை தானாகப் போய்ப் பழைய கயிற்றை எடுத்து மாட்டுக் கயிறுகளோடு முளையில் மாட்டியது. கடையில் வாங்கிய புதுக் கயிறு ஒன்றைக் கொடுத்தனுப்பினார். அடுத்தடுத்து விற்றவற்றுக்கும் அப்படியே செய்தார்.

மிஷின்கள் ஏன் திரும்பி வந்தன என்று கேட்டவர்களுக்கு, கயிறு இங்கே இருக்கும்போது வேறெங்கே போகும் என்றுதான் அந்தத் தெருவில் பதில் சொன்னார்கள். முதல் சில வாரங்கள் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது, அப்புறம் கலைந்துவிட்டது. லஸ் முனைப் போலீஸ்காரர் மிஷின்களுக்கும் கை காட்டத் தொடங்கினார். சாயங்காலம் அந்தந்த வீட்டுத் தோட்டக்காரர் வந்து கைப்பிடியில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போவார். போகும்போது அவை முரண்டு பிடிப்பதில்லை. வரும் வழியில் எதையும் யாரையும் தொடுவதுமில்லை. ஆனால் அவை தெருவில் போகிற நேரத்தில் கைக்குழந்தைக்காரிகள் ஏனென்று தெரியாமலே குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள்.

அபயாம்பாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு வருஷங்களாக அவள் தேய்ந்துகொண்டிருந்தாள். காய்ச்சல் கிடையாது, இருமல் கிடையாது. சாப்பிட்டது ஒட்டவில்லை, அவ்வளவுதான். தலைமுடி கொட்டி, வளையல் முழங்கை வரை ஏறி, முதுகெலும்பைப் பாயில் எண்ணலாம் என்றாகி, கடைசியில் பெரிய டாக்டர் ஒருவர் சங்கரனை வராந்தாவுக்கு அழைத்துக் கையை விரித்துவிட்டார். முதல் மிஷின் திரும்பி வந்த அன்று, கூடையில் இருந்த புல்லைச் சங்கரன் கல்தொட்டியில் கொட்டினார். மறுநாள் காலையில் தொட்டி துடைத்து வைத்தமாதிரி இருந்தது. அந்தக் கொட்டிலில் மாடு இல்லை. அன்று அபயாம்பாள் எழுந்து உட்கார்ந்து ரசம் சாதம் கேட்டாள். மறு வாரம் கூடை வந்தது, தொட்டி காலியானது, அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நவராத்திரி வருவதற்குள் சுண்டல் விநியோகிக்க அவளே வாசலுக்கு வந்துவிட்டாள். முடி இடுப்புக்குக் கீழே இறங்கியது. முகத்தில் மஞ்சள் நிற்கிற அளவுக்குச் சதை பிடித்தது. சங்கரனின் வழுக்கையில்கூட மயிர் முளைத்தது. ஆபீசில் கேலி செய்தார்கள்.

வாங்கியவர்களுக்கும் குறை ஒன்றுமில்லை. ஒரு தடவை வெட்டினால் போதும், புல் மாசக்கணக்கில் சமமாக நின்றது. சங்கரன் மிஷின் என்றால் தனி மவுசு வந்தது. தி. நகரில் ஒரு பாத்திரக்கடைக்காரர், ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு நகைக்கடைக்காரர், இன்னும் நாலைந்து பேர் சிபாரிசு பிடித்து வாங்கினார்கள். புல் மட்டும் அல்ல, அந்த வீடுகளில் வேறெதுவும்கூட வளரவில்லை என்பது மெதுவாகத்தான் தெரிந்தது. ஆண்களுக்குச் சவர வேலை மிச்சமானது. நகம் வெட்ட வேண்டியிருக்கவில்லை. அடுக்குச் செம்பருத்தி வைத்த மொட்டு வைத்தபடியே நின்றது. முருகையன் காலில் மண்வெட்டி பட்டு வெட்டிய காயம், ஆறவும் இல்லை, சீழ் வைக்கவும் இல்லை. இரண்டு வருஷம் கழித்தும் சற்றுமுன் வெட்டியதுபோல் சிவப்பாகவே இருந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு, அந்தக் காலோடுதான் அவர் மிஷின் பின்னால் நடந்து வந்தார், போனார்.

ராஜரத்தினம் ஒரு நாள் நேரிலேயே கொட்டிலுக்கு வந்தார். ஜவுளிக்கடை முதலாளி, தாராளமாகச் சிரிக்கிறவர், அன்று சிரிக்கவில்லை. "சார், நம்ம ஜவஹருக்கு மூணு வருசமா அதே டவுசர்தான். ஒரு விரக்கடை வளரலை. வகுப்புல பையம்மாரெல்லாம் அவனைக் குனிஞ்சு பார்க்கானுவ. வீட்ல முத்துலட்சுமி, துணி மிச்சம்னு சந்தோசப்படுதா. நாந்தான் மாசாமாசம் சுவத்துல கோடு போட்டு அளந்து பாக்கேன்" என்றார். பேசும்போது அவர் கண் முளையில் தொங்கிய கயிறுகள்மேல் போய்ப் போய் வந்தது. அவரும் மாடு வைத்திருந்த வீட்டில் பிறந்தவர்தான். அந்த நேரம் பார்த்து அபயாம்பாள் ஈரத் தலையைத் துண்டால் முடிந்துகொண்டு, இரண்டு டம்ளரில் காபி கொண்டுவந்து வைத்தாள். சங்கரன் அவளைப் பார்த்தார். பிறகு, சில பையன்கள் தாமதமாகத்தான் வளருவார்கள், தானும் அப்படித்தான் என்று சொன்னார். ராஜரத்தினம் காபியைக் குடித்துவிட்டு, "அப்படியா சொல்லுதிய" என்று எழுந்து போனார். தான் சொன்னது பச்சைப் பொய் என்று சங்கரனுக்குத் தெரியும். கயிற்றைக் கொடுத்தால் அந்தப் பையன் வளருவான், அபயாம்பாள் திரும்பப் படுக்கையில் விழுவாள்; கணக்கு அவ்வளவுதான். அவர் கெட்டவர் இல்லை, பெண்டாட்டியை இழக்கத் துணிச்சல் இல்லாதவர். 

மதுவிலக்கை எடுத்த மறு வருஷம் ஜானுவுக்குக் கல்யாணமானது. அடையாறு காந்தி நகரில் வீடு, மாப்பிள்ளைக்கு நல்ல உத்தியோகம், சம்பந்தி ஓய்வு பெற்ற பேராசிரியர். வீட்டுக்கு முன்னால் பெரிய புல்வெளி. சம்பந்தி எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் ஊரெல்லாம் மிஷின் கொடுத்தவர் பெண்ணுக்குக் கொடுக்காவிட்டால் எப்படி? சீர்வரிசையோடு, பச்சை வர்ணம் அடித்து, சந்தனம் குங்குமம் இட்டு ஒரு மிஷினும் ஆற்றைக் கடந்து போனது. அதன் கயிற்றை என்ன செய்வது என்று சங்கரன் ஒரு ராத்திரி முழுக்க யோசித்தார். கொடுத்துவிடுவதுதான் சரி என்று முதலில் பட்டது. அப்புறம் கணக்குப் பிரிவு மூளை வேலை செய்தது. கயிறு தங்குகிற வழக்கம் விற்ற மாட்டுக்குத்தான். சீராகக் கொடுத்தது விற்றதாகாது. ஆகையால் இந்தக் கயிறு இங்கே இருந்தாலும் அது யாரையும் எதுவும் செய்யாது. கூடையில் வருவது பெண் வீட்டுப் புல், வெறும் புல். அது வாராவாரம் வந்து போனால் ஜானுவே வந்து போனமாதிரி இருக்கும். உள்ளதைச் சொன்னால், அவருக்கு அவளை அனுப்ப மனசில்லை. கயிற்றை முளையில் மாட்டிவிட்டார்.

அது பாலம் தாண்டி, ராஜா அண்ணாமலைபுரம் வழியாக, மற்ற மிஷின்களைவிட வேகமாக வந்தது. கூடையில் புல்லோடு ஜானு தலையில் வைத்திருந்த மல்லிகையின் வாசனையும் இருந்தது. அபயாம்பாள் அதை மட்டும் வாசலுக்கு வந்து எதிர்கொண்டாள். "பொண்ணாத்துலேர்ந்து வந்திருக்கு" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் பெருமையாகச் சொல்லி, அதன் கைப்பிடியைத் தடவிக் கொடுத்தாள்.

மறு வருஷம் ஜானு உண்டானாள். ஐந்து மாதம் வரை வயிறு ஒழுங்காக ஏறியது. அதற்குமேல் ஏறவில்லை. ஆறாம் மாதம் வந்தது, வயிறு ஐந்தில் நின்றது. எட்டு வந்தது, ஐந்துதான். பத்தும் கடந்து, காலண்டர் மாறி, மறுபடி மாங்காய்க் காலம் வந்தபோதும் ஐந்துதான். லேடி டாக்டர் குழலை வைத்துக் கேட்டு, குழந்தையின் நாடி கெட்டியாக அடிப்பதாகவும், ஐந்து மாதச் சிசுவுக்கு எப்படி அடிக்க வேண்டுமோ அப்படியே அடிப்பதாகவும் எழுதிக் கொடுத்தார். ஜானுவுக்கு வலி இல்லை. மசக்கை மட்டும் ஓயவில்லை. ஒன்றரை வருஷமாக வாந்தி எடுக்கிற பெண்ணின் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. "அம்மா, உள்ள இருக்கறது தூங்கறதா முழிச்சிண்டிருக்கான்னே தெரியலை. நேக்கு பயமா இருக்கு" என்று அவள் அபயாம்பாளின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதைச் சங்கரன் பக்கத்தில் நின்று கேட்டார். அந்த வீட்டின் நிலைக்கண்ணாடியில் பார்த்தபோது, தன் தலையில் கருகருவென்று வளர்ந்திருந்த மயிர் அவருக்கே அருவருப்பாக இருந்தது.

பெண்ணை மயிலாப்பூருக்கு அழைத்துவந்து வைத்துக்கொண்டால் குழந்தை வளர்ந்துவிடும் என்று அவருக்குத் தோன்றியது. வளர்ச்சியெல்லாம் அங்கேதானே குவிந்து கிடந்தது. சம்பந்தியிடம் மன்றாடினார். சம்பந்தி நல்ல மனுஷர், அவர் கண்ணும் கலங்கியது. ஆனால் சம்பந்தியம்மாள் அசையவில்லை. சீமந்தம் ஆனால்தான் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பலாம். ஆறு பிறக்காமல் சீமந்தம் செய்ய முடியாது. வயிறோ ஆறைத் தொடமாட்டேன் என்றது. தவிரவும், பிள்ளை உண்டானவள் ஆறு தாண்டக் கூடாது. மயிலாப்பூருக்கும் அடையாற்றுக்கும் நடுவில் ஆறு ஓடியது. "சாஸ்திரத்தை மீறி அனுப்பிச்சு ஏதாவது ஆயிடுத்துன்னா யார் பதில் சொல்றது?" என்று அவள் கேட்டாள். ஏற்கனவே ஆகிக்கொண்டுதான் இருந்தது; சங்கரன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அடையாற்று மிஷினை வீட்டிலேயே நிறுத்திக்கொண்டு, மரையாணி மரையாணியாகப் பிரித்து, பாகங்களை வெவ்வேறு மூட்டையாகக் கட்டிப் பரணில் போட்டார். மறுநாள் மத்தியானம் அது முழுசாகப் பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்ததாக மீன்காரி ஒருத்தி சொன்னாள். கடைசியில் மிச்சமிருந்தது ஒரே வழி. ஒரு சனிக்கிழமை காலையில், அபயாம்பாள் அடுக்களையில் இருந்தபோது, கொட்டிலுக்குப் போய் முளையிலிருந்து ஜானு வீட்டுக் கயிற்றை மட்டும் எடுக்கப் பார்த்தார். வரவில்லை. இத்தனை வருஷத்தில் கயிறுகளும் வளர்ந்திருந்தன. மாட்டுக் கயிறும் மிஷின் கயிறும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, எது எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் ஒரே புரியாகியிருந்தன. அரிவாள்மணையைக் கொண்டுவந்து பச்சை மரப்பிடி தெரிந்த இடத்தில் வைத்து ஒரு இழை அறுத்தார். உள்ளே அபயாம்பாள் வீறிட்டாள்.

அவர் ஓடுவதற்குள் அவளே வந்துவிட்டாள். நெற்றி வகிட்டைக் கையால் பொத்தியிருந்தாள், விரலிடுக்கில் ரத்தம் கசிந்தது. அவர் கையில் இருந்த அரிவாள்மணையையும், முளையையும், துடைத்து வைத்தமாதிரி காலியாக இருந்த கல்தொட்டியையும் வரிசையாகப் பார்த்தாள். அபயாம்பாள் அதிகம் படித்தவள் இல்லை, ஆனால் மந்தமும் இல்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் டாக்டர் கையை விரித்தது அவளுக்குத் தெரியும். வராந்தாவில் பேசினால் படுக்கைக்குக் கேட்காது என்று நினைத்தது ஆண்கள்தான்.

"எத்தனை நாளா தெரியும் உங்களுக்கு?" என்று கேட்டாள்.

சங்கரன் எல்லாவற்றையும் சொன்னார். ஜவஹரைப் பற்றி, முருகையன் காலைப் பற்றி, கடைசியாகச் சீர் மிஷினைப் பற்றி. சொல்லி முடித்தபோது தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ என் பொண்ணு வயத்தைத் தின்னுண்டுதான் நான் குத்துக்கல்லாட்டம் நிக்கறேனா?" என்றாள் அபயாம்பாள். அவள் அவ்வளவு கோபப்பட்டு அவர் பார்த்ததே இல்லை. "மத்தவா ஆத்துக் குழந்தைகளைத் தின்னேன். தெரியாம தின்னேன், பகவான் பார்த்துப்பார். இதைத் தெரிஞ்சுண்டு ஒரு வாய் தின்பேன்னு நெனச்சேளா?"

"நீ போயிட்டா நான் என்னடி பண்ணுவேன்?" என்று சங்கரன் கேட்டார். 

அபயாம்பாள் உள்ளே போனாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து முளையைத் தொட்டாள். அவர் இழுத்தும் அசையாத கயிறுகள், அவள் தொட்டதும் பூச்சரம் மாதிரி கையோடு வந்துவிட்டன. ஒவ்வொன்றும் தனித்தனியாகவே இருந்தது. மிஷின் கயிறுகளை எல்லாம் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு, ரிக்‌ஷா கூப்பிடச் சொன்னாள். வெயில் தாழட்டும் என்றார் சங்கரன். அந்த மிஷின்கள் வெயில் தாழவா காத்துக்கொண்டிருந்தன என்று கேட்டுவிட்டு அவளே தெருவில் இறங்கினாள்.

முதலில் கோபாலபுரம் போனார்கள். ராஜரத்தினம் கயிற்றை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வாசலில் பம்பரம் விட்டுக்கொண்டிருந்த ஜவஹரின் டவுசர், பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழங்காலிலிருந்து தொடைக்கு ஏறியது; சட்டைப் பொத்தான்கள் தெறித்தன; பையனுக்குக் குரல் உடைந்து, மீசை அரும்பி, தன் கையைத் தானே திருப்பித் திருப்பிப் பார்த்தான். முத்துலட்சுமி ஓடிவந்து அவனை அண்ணாந்து பார்த்து, "ஐயோ எம்புள்ள, இவ்வளவு வளர்த்தியா வந்துட்டானே!" என்று அழுதாள். முருகையன் காலில் சுற்றிய துணியை அவிழ்த்தார், காயம் இருந்த இடம் தெரியவில்லை. அபயாம்பாள் திரும்பி ரிக்‌ஷாவில் ஏறும்போது, வளையல்கள் கழன்று விழுந்தன. சங்கரன் பொறுக்கிக்கொண்டார்.

தி. நகரிலும் மற்ற வீடுகளிலும் கொடுத்தபோது அவள் முடி கழுத்தளவுக்கு ஏறிவிட்டது. ராஜா அண்ணாமலைபுரத்தில் கொடுத்துவிட்டு வந்தபோது, ரிக்‌ஷாக்காரர் திரும்பிப் பார்த்து, "இன்னா சார், அம்மா எறங்கிட்டாங்களா? வண்டி ஒருத்தரை வெச்சு இஸ்துக்கினு போறாப்பல கீது" என்றார். இறங்கவில்லை. சங்கரனின் பக்கத்தில், ஒன்பது கஜப் புடவைக்குள் எங்கோ அவள் இருந்தாள். பாலத்தின் மேல் காற்று பலமாக அடித்தது. அவர் அவளைச் சுற்றிக் கையைப் போட்டுப் புடவையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தெருவில் அவளைத் தொட்டு உட்கார்வது கல்யாணமான நாளிலிருந்து அதுதான் முதல் தடவை.

காந்தி நகர் வீட்டில் ஜானு புல்வெளியில் பிரம்பு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மிஷின் அவளுக்குப் பக்கத்தில் நின்றது. படி ஏற முடியாததால் அபயாம்பாள் புல்லிலேயே உட்கார்ந்து, கயிற்றை மகளின் மடியில் வைத்தாள். "இந்தா, இது உங்காத்துக் கயிறு. யாருக்கும் கொடுக்காதே" என்றாள். ஜானு "என்னம்மா இப்படி ஆயிட்டே" என்று குனிவதற்குள் வயிறு எழும்பிவிட்டது, அவளால் குனிய முடியவில்லை. ஆறு, ஏழு, எட்டு என்று அது ஏறுவதைப் பார்த்து சம்பந்தியம்மாள் உள்ளே திரும்பிக் கத்தினாள். எட்டு தாண்டிவிட்டால் சீமந்தத்துக்கு ஏது நேரம்? சாஸ்திரிகளைக் கூப்பிட மாப்பிள்ளை ஸ்கூட்டரில் பறந்தார். யாரோ வளையல்காரரைத் தேடிப் போனார்கள், யாரோ வெல்லம் உடைத்தார்கள், பக்கத்து வீடுகளிலிருந்து பெண்கள் பட்டுப்புடவையைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார்கள். ஜானுவை நாற்காலியோடு தூக்கி உள்ளே கொண்டுபோனார்கள். அவள் "அம்மாவை உள்ள அழைச்சிண்டு வாங்கோ அப்பா" என்று சொல்லிக்கொண்டே போனாள்.

புல்வெளியில் சங்கரனும் அபயாம்பாளும் மட்டும் இருந்தார்கள். உள்ளே மந்திரம் தொடங்கியது. குழந்தை உதைத்ததும் ஜானு வாய்விட்டுச் சிரித்த சத்தம் வெளியே வரை வந்தது. அபயாம்பாளின் முகம் உள்ளங்கை அளவுதான் இருந்தது, ஆனால் அவள் அதைக் கேட்டாள். "பருப்பை வெயில்ல காயப் போட்டிருக்கேன். போனதும் எடுத்து உள்ள வையுங்கோ, அணில் கொண்டுபோயிடும்" என்றாள். சரி என்றார் சங்கரன். வேறு ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தார். நாலு மணிக்குள் அவள் முழுக்கக் குறைந்துவிட்டாள். ஒன்பது கஜப் புடவையும் திருமாங்கல்யமும் புல்மேல் கிடந்தன. அவற்றை மடித்து எடுத்துக்கொண்டு அவர் பஸ்ஸில் வீட்டுக்குப் போனார், மாடியில் காய்ந்த பருப்பை எடுத்து உள்ளே வைத்தார், பிறகுதான் அழுதார்.

அந்த மாதமே ஜானுவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பெயர் வைக்க யாருக்கும் யோசனை தேவைப்படவில்லை, பாட்டி பெயர்தான். மிஷின்கள் அதற்கப்புறம் மயிலாப்பூர் வரவில்லை. சங்கரனின் தலை ஒரே வாரத்தில் பழையபடி வழுக்கையானது. ஏலக்கடைப் பக்கம் அவர் போகவில்லை. கொட்டிலைப் பூட்டிச் சாவியைக் கிணற்றில் போட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அடையாற்றுக்குப் போய், அபயாம்பாள் உட்கார்ந்திருந்த இடத்தில் அடர்த்தியாக எழும்பியிருந்த புல்லின் பக்கத்தில் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்திருப்பார். மற்றப் புல்லைவிட அது கறுப்பாக, நீளமாக, மத்தியில் வகிடெடுத்ததுபோல் படிந்திருந்தது. தோட்டக்காரர் மிஷினைத் தள்ளிக்கொண்டு அந்த இடத்துக்கு வந்தால், கத்தி நின்றுவிடும்; சுற்றிக்கொண்டு போய்த்தான் வெட்ட வேண்டும். "அங்க துணி காயப் போடாதேடி, மாமி இருக்கா" என்று சம்பந்தியம்மாள் வேலைக்காரியை அதட்டுவாள். ஊருக்கு டெலிவிஷன் வந்த வருஷத்தில் அது ஒரு பாய் அகலம் இருந்தது. மறு வருஷம் நாற்காலிகளை வராந்தாவுக்கு நகர்த்த வேண்டியிருந்தது. குழந்தை தத்தித் தத்தி நடந்து போய் அதன் நடுவில்தான் தூங்கும். எழுப்பித் தூக்க ஜானு போனால், புல் இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் விடும். அந்த ஐப்பசி மழையில் அது முதல் படி ஏறியது. சம்பந்தி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார், சாய்வு நாற்காலியைக் கூடத்துக்குள் நகர்த்திக்கொண்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் வாசல் கதவைச் சாத்துவதில்லை.